ஃபெராரியை முந்திய குட்டி பிக்-அப்: அப்படி ஒன்றைக் கட்ட எங்கிருந்து தொடங்கணும்?

1991-ம் ஆண்டு. அமெரிக்காவின் 'கார் அண்ட் டிரைவர்' இதழ் ஒரு விநோதமான ஒப்பீட்டை நடத்தியது. ஒரு பக்கம் இத்தாலியின் ஃபெராரி 348. மறுபக்கம், பார்த்தால் சரக்கு ஏற்றப் போகிற மாதிரி நிற்கும் ஒரு குட்டி பிக்-அப். கால் மைல் தூரத்தை, அதாவது சுமார் 402 மீட்டரை, ஃபெராரி 14.5 விநாடியில் கடந்தது. பிக்-அப்புக்குத் தேவைப்பட்டதோ 14.1 விநாடிதான்.

அந்த வண்டிதான் ஜிஎம்சி சைக்ளோன். மொத்தமே 3,000 வண்டிகள் அளவில்தான் தயாரானது. அதனால் ஒரிஜினல் கிடைக்காதவர்கள், அதே குடும்பத்தைச் சேர்ந்த செவ்ரோலே எஸ்-10, ஜிஎம்சி சோனோமா போன்ற பழைய பிக்-அப்பை வாங்கி, சொந்தமாக ஒன்றைக் கட்டப் பார்க்கிறார்கள். இதில் சறுக்கும் இடம் ஒன்றுதான்: முதலில் பெரிய இன்ஜினை வாங்கிவிடுவது. ஏன் அது தப்பு? வாங்க, பார்ப்போம்.

சைக்ளோனின் ரகசியம் என்ன?

4.3 லிட்டர் வி6 டர்போ இன்ஜின், 280 குதிரைத்திறன், சுமார் 475 நியூட்டன் மீட்டர் டார்க். ஆனா, ரகசியம் இதில் மட்டும் இல்லை. காலி பிக்-அப்பில் எடை பெரும்பாலும் முன்பக்கம்தான் இருக்கும். பின்சக்கரங்கள் மட்டும் இழுத்தால், ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் டயர் சுற்றும், வண்டி நகராது. சைக்ளோனில் 35 சதவிகித இழுவை முன்சக்கரங்களுக்கும் 65 சதவிகிதம் பின்சக்கரங்களுக்கும் போனது. கிடைத்த சக்தி முழுக்கத் தரையில் இறங்கியது.

4x4 வண்டி இருந்தா போதாதா?

போதாது. சாதாரண 4x4 பிக்-அப்பில் 4x4-ஐ போட்டதும் முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். சேற்றிலும் பனியிலும் சரி. காய்ந்த தார்ச்சாலையில் திரும்பும்போது முன்சக்கரமும் பின்சக்கரமும் வேறு வேறு தூரம் ஓட வேண்டும். பூட்டியிருந்தால் பாகங்கள் முறுக்கிக்கொள்ளும்.

ஆல் வீல் டிரைவில் நடுவில் ஒரு டிஃபரென்ஷியல் இருப்பதால் இந்தச் சிக்கல் இல்லை. அதனால், ஓல்ட்ஸ்மொபைல் பிராவாடா என்ற எஸ்யூவியின் தொடக்ககால மாடல்களிலிருந்து டிரான்ஸ்ஃபர் கேஸைக் கழற்றிப் பொருத்துவது ஒரு வழி. அது சைக்ளோனின் சொந்தக்கார வண்டி மாதிரிதான்.

எது முதலில் உடையும்?

திட்டத்தின் மையமே இந்தக் கேள்விதான். ஒரு சின்னக் கணக்கு. இன்ஜின் தரும் 475 நியூட்டன் மீட்டரை முதல் கியர் 3.06 மடங்காக்குகிறது. ஆக்சிலில் உள்ள கியர் அதை மேலும் 3.42 மடங்காக்குகிறது. உராய்வில் போகும் இழப்பைக் கழிக்காமல் பார்த்தால், சக்கரங்களுக்கு வருவது ஏறத்தாழ 5,000 நியூட்டன் மீட்டர்.

இரு சக்கர இழுவையில் இவ்வளவு விசை வந்தால் டயர் வழுக்கிவிடும். அந்த வழுக்கல் ஒரு ஃபியூஸ் மாதிரி. மற்ற பாகங்களைக் காப்பாற்றும். நான்கு டயரும் தரையைப் பிடித்துக்கொண்டால் அந்த ஃபியூஸ் இல்லை. அதிர்ச்சி நேராக கியர் பாக்ஸுக்கும் ஆக்சில் ஷாஃப்டுக்கும் போகும். டர்போவின் அழுத்தத்தைக் கூட்டக் கூட்ட, அடுத்துப் பலவீனமான பாகம் கையை விரிக்கும்.

அதனால் திட்டத்தைத் தலைகீழாகப் போடணும். டயரில் தொடங்கி ஆக்சில், டிரான்ஸ்ஃபர் கேஸ், கியர் பாக்ஸ் என்று பின்னோக்கி வந்து, கடைசியில்தான் இன்ஜின்.

பேப்பரில் எழுத வேண்டியவை

* பயன்பாடு: தினமும் ஓட்டவா, வார இறுதி ரேஸுக்கா, சரக்கு ஏற்றவா? மூன்றும் ஒரே வண்டியில் நடக்காது. சைக்ளோனில் ஏற்றலாம் என்று நிறுவனமே சொன்ன எடை சுமார் 227 கிலோதான். பெரியவங்க மூணு பேர் எடை, அவ்வளவுதான்!

* ஒரே கியர் விகிதம், ஒரே டயர்: முன், பின் ஆக்சில்களின் கியர் விகிதம் ஒன்றாக இருக்கணும். நான்கு டயரின் சுற்றளவும் தேய்மானமும்கூட ஒத்துப்போகணும். இல்லையென்றால் நடுவில் உள்ள விஸ்கஸ் கப்ளிங் ஓய்வே இல்லாமல் வேலை செய்து, சூடேறிக் கெட்டுப்போகும்.

* பிரேக்: 100 கி.மீ. வேகத்தைவிட 140 கி.மீ. வேகத்தில் பிரேக் தின்ன வேண்டிய ஆற்றல் ஏறத்தாழ இரு மடங்கு. காலி பிக்-அப்பில் பின்சக்கரம் சீக்கிரம் லாக் ஆகும். அதனால்தான் சைக்ளோனுக்கு நான்கு சக்கர ஏபிஎஸ் கொடுத்தார்கள். இன்ஜினுக்குச் செலவழித்த பிறகு மிச்சம் இருந்தால் பிரேக் பார்த்துக்கலாம் என்பது உயிரோடு விளையாட்டு.

* இடம்: வி8 இன்ஜின் போடும் ஆசை இருந்தால், முதலில் வண்டிக்கு அடியில் படுத்துப் பாருங்கள். முன் டிஃபரென்ஷியல் இருக்கும் இடமும் ஆயில் சம்ப் வர வேண்டிய இடமும் மோதும். அதற்கேற்ற சம்ப் தேட வேண்டியிருக்கும்.

* டியூனிங்: டர்போ இன்ஜினில் அழுத்தம் ஏறும்போது பெட்ரோல் குறைந்தால் பிஸ்டன் உருகும். காற்று-எரிபொருள் கலவையைக் காட்டும் சென்சாரும், காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரும் கூடுதல் அலங்காரம் அல்ல, அடிப்படைத் தேவை.

சட்டம் என்ன சொல்கிறது?

அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். கலிபோர்னியாவில் மாற்றிப் போடும் இன்ஜின், வண்டியின் ஆண்டையோ அதற்குப் பிந்தைய ஆண்டையோ சேர்ந்ததாக, புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளோடு இருக்கணும். இன்ஜினை வாங்கிய பிறகு இதைத் தெரிந்துகொண்டால் பணம் போச்சு.

நம்ம ஊர்லயும் பண்ணலாமா? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளரின் அசல் விவரக்குறிப்பிலிருந்து மாறுபடும் மாற்றங்களைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்க இடமிருக்கிறது.

கடைசியாக...

இப்படி ஒரு வண்டி பாதியில் நின்று ஷெட்டில் தூசி படிவதற்கு, திறமைக் குறைவைவிட வரிசை மாறியதுதான் காரணமாக இருக்கும். பட்ஜெட்டைப் போடும்போதே, உடையப்போகும் பாகத்துக்கும் ஒரு தொகையைத் தனியாக எடுத்து வையுங்கள். நிறுத்த முடிகிற அளவுக்கு மட்டும் வேகம். தாங்குகிற அளவுக்கு மட்டும் சக்தி. இன்ஜின் எங்கேயும் ஓடிப்போகாது, கடைசியில் வாங்கிக்கலாம்.