பேச்சிப்பாறைத் தண்ணீர் கடைவரம்பு சேரும்வரை

கோதையாற்றின் குறுக்கே நிற்கும் பேச்சிப்பாறை அணையின் கட்டுமானம், திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் காலத்தில் 1897இல் தொடங்கி 1906இல் முடிந்தது. வேலையை நடத்திய பொறியாளர் மின்சினின் கல்லறை அணைக்கு அருகிலேயே இருக்கிறது. அணையின் முழு நீர்மட்டம் 48 அடி. கொள்ளளவு 4,350 மில்லியன் கன அடி. பெருஞ்சாணி, சிற்றாறு அணைகளும் சேர்ந்த கோதையாறு பாசன அமைப்பை நம்பிக் குமரி மாவட்டத்தில் சுமார் 79,000 ஏக்கர் இருக்கிறது. நெல்லை மாவட்டத்து ராதாபுரம் வட்டாரத்துக்கும் இதிலிருந்து தண்ணீர் போகிறது.

இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டத்தில் தண்ணீர்ப் பஞ்சம் என்றால் வெளியூர்க்காரர்கள் நம்புவதில்லை. கணக்கும் முதலில் அவர்கள் பக்கமே நிற்கிறது. ஒருமுறை நிறைந்த பேச்சிப்பாறையின் நீர் ஏறக்குறைய 12.3 கோடி கன மீட்டர். 2011 கணக்கெடுப்பின்படி மாவட்ட மக்கள்தொகை 18.7 லட்சம், ஆக தலைக்கு 66 கன மீட்டர். ஊரகக் குடிநீருக்கு அரசு வகுத்திருக்கும் அளவு ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர், அதாவது ஆண்டுக்கு 20 கன மீட்டர். ஓர் அணையின் மூன்றில் ஒரு பங்குகூட இல்லாமல் குடிநீர்த் தேவை தீர்ந்துவிடும். பெருந்தாகம் வயலுக்குத்தான். கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரு போக நெல்லுக்காக வழக்கமாக ஜூன் தொடக்கத்தில் திறக்கும் மதகுகள் பிப்ரவரி முடிவில்தான் அடைபடும்.

சிக்கல் தண்ணீர் போகும் வழியில் இருக்கிறது. அணையிலிருந்து புறப்படும் நீர் புத்தன் அணை வந்து, பாண்டியன் கால், பத்மநாபபுரம் புத்தனாறு என்று பிரிந்து, தோவாளை சானல், அனந்தனார் சானல் போன்ற கால்வாய்கள் வழியே ஊர் ஊராகப் போகிறது. மண்கரையில் கசிவு, புதர், மழைக்காலத்து உடைப்பு, பாலத்தடியில் அடைத்துக்கொள்ளும் குப்பை, தலைமடையில் தேவைக்கு மேல் திறக்கும் மடை எல்லாம் சேர்ந்து, கடைவரம்பில் இருப்பவருக்குப் பல ஆண்டுகளில் வெறும் வாய்க்கால்தான் மிஞ்சுகிறது. அதனால் கோதையாற்றுப் பாசனத்தில் தூர்வாருதல் ஆண்டுக்கொரு சடங்காக நடந்தால் போதாது. தண்ணீர் திறக்கும் முன்பே அது முடிந்திருக்க வேண்டும்.

கடைவரம்புக்குத் தண்ணீர் சேர்வதில் நாஞ்சில் நாட்டுக் குளங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. சானல் நீரை வாங்கித் தேக்கி, மடை வழியாக வயல்களுக்கு விட்டு, மிஞ்சியதை மறுகால் வழியே அடுத்த குளத்துக்கு அனுப்புவது அவற்றின் வேலை. சானலில் முறைத் தண்ணீர் தவறினாலும் பத்து நாள் தாங்கும் கையிருப்பு அது. சுற்றியுள்ள கிணறுகளுக்கு ஊற்றும் அதுவே. வண்டல் படிந்த குளத்தில் இந்தக் கையிருப்பு குறைகிறது. அள்ளிய வண்டல் வயலுக்கு நல்ல எருவாவதால், தூர்வாரும் செலவில் ஒரு பகுதி அங்கேயே திரும்பிவிடும்.

அளவு குறைவது கண்ணுக்குத் தெரியும். தரம் குறைவது அவ்வளவு எளிதில் தெரியாது. கெட்ட நீர் குளத்தில் இருந்தும் இல்லாத நீர்தான். மலையில் மழை வலுத்தால் ஆறு செங்கலங்கலாக வருகிறது. கலங்கலில் ஒளிந்துகொள்ளும் கிருமிகளைக் குளோரின் எளிதில் எட்டாது; ஆகவே முதலில் படிகாரம் போட்டு மண்ணைப் படியவைக்க வேண்டும். பேச்சிப்பாறையைச் சுற்றிய ரப்பர் தோட்டங்களில் பாலை உறையவைக்கப் பார்மிக் அமிலம் பயன்படுகிறது. ஷீட் அடித்த பின் மிஞ்சும் புளித்த நீரை அப்படியே ஓடையில் விட்டால், அதிலுள்ள கரிமப்பொருள் மட்கும்போது நீரின் ஆக்சிஜனைத் தின்றுவிடும். கீழே வயல்களிலிருந்து யூரியாவும், பழையாற்றில் நாகர்கோவில் பக்கத்துச் சாக்கடையும் கலக்கின்றன. நைட்ரஜனும் பாஸ்பரசும் சேர்ந்த குளத்தை ஆகாயத்தாமரை மூடுகிறது. அடியில் ஒளியும் காற்றும் இல்லாமல் மீன் சாகிறது. ஆகாயத்தாமரையை எவ்வளவு அள்ளினாலும், சாக்கடையைத் தடுக்காதவரை அது திரும்ப முளைக்கும்.

சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் ஈரநிலங்கள் 2022இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன. பறவைகளுக்காக அறியப்பட்ட இடங்கள் என்றாலும், அங்குள்ள நாணலும் சேற்று நுண்ணுயிர்களும் நீரிலிருந்து நைட்ரஜனைக் கழிக்கின்றன. சுத்திகரிப்பு நிலையத்துக்கு மாற்றாக அவற்றைக் கருதக்கூடாது. தாங்கும் அளவுக்கு மேல் கழிவு வந்தால் ஈரநிலமே சாக்கடையாகிவிடும்.

வயலில் தண்ணீரை மிச்சம் பிடிக்கும் முறைகளில் எளிதானது ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’. அடிப்பகுதியில் துளையிட்ட குழாயை வயலில் புதைத்து உள்ளே பார்க்க வேண்டும். நீர் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கிய பிறகே மறுபடி பாய்ச்சினால் போதும். பூக்கும் பருவத்தில் மட்டும் நீர் நிற்கவேண்டும். விளைச்சல் குறையாமல் 15 முதல் 30 சதவீதம் வரை நீர் மிஞ்சும். ஆனால் அடுத்த முறைத் தண்ணீர் சொன்ன நாளில் வரும் என்ற உறுதி இல்லாத விவசாயி வயலைக் காயவிட மாட்டார்; கிடைத்த அன்றே வரப்பு வழியக் கட்டிவைப்பார். அதனால் கடைவரம்பில் இந்தக் குழாய் பயன்பட வேண்டுமானால், அதற்கு முன்பே சானல் கரையும் முறைப்பாசனமும் சரியாகியிருக்க வேண்டும்.