ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஒரு சிஸ்ட்

மாதவிலக்குக் கோளாறு என்று காரைக்குடிக்குப் போய் ஸ்கேன் எடுத்து வரும் பெண்களின் ரிப்போர்ட்டில் 'நேபோத்தியன் சிஸ்ட்' என்றொரு வரி அடிக்கடி வரும். டாக்டர் பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்துவிடுவார். வீட்டில் மகள் வாசித்துச் சொன்ன பிறகுதான் ஆச்சிக்குத் தூக்கம் போகும். டாக்டர் இரண்டு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம்.

கர்ப்பப்பை வாயின் உட்புறம் சளி சுரக்கும் மெல்லிய படலம்; வெளிப்புறம் பல அடுக்குள்ள தடித்த படலம். பூப்பெய்தும் வயதிலும் பிள்ளைப்பேற்றின்போதும் உட்படலம் சற்று வெளியே பிதுங்கும். நாளடைவில் தடித்த படலம் அதை மூடும்போது சில சுரப்பிகளின் வாய் அடைபடும். சுரப்பதோ நிற்காது. போக வழியில்லாத சளி தேங்கி உப்புகிறது, அவ்வளவுதான். பெரும்பாலும் சில மில்லிமீட்டர்தான்; வலிக்காது, புற்றுநோயாக மாறுவதும் இல்லை. மருந்து தேவையில்லை. இதற்காகக் கர்ப்பப்பையையே எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் வேறு டாக்டரைப் பாருங்கள்.

ஜெர்மனியின் லைப்சிக் நகர மருத்துவர் மார்ட்டின் நேபோத் 1707-ல் இவற்றை விவரித்தபோது, கருமுட்டைகள் என்றே நம்பினார். நம்பிக்கை பொய்த்தது, பெயர் ஒட்டிக்கொண்டது.

30 வயது தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கர்ப்பப்பைவாய்ப் பரிசோதனை செய்கிறார்கள். நர்ஸ் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் காத்திருப்பார். புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் இருந்தால் அந்த இடம் அடர்வெள்ளைத் திட்டாக மாறும். சிஸ்ட் அப்படியில்லை. ஊறிய ஜவ்வரிசி போல வழவழப்பாக, வெளிர்மஞ்சளாக மேடிட்டிருக்கும். மேலே மெல்லிய ரத்தநாளங்கள் கிளை பிரிந்து ஓடும். அதுவும் சில நேரம் பொத்தான் மாதிரி வெளுத்துப் பழகாத கண்ணை ஏமாற்றும். பயிற்சி அதற்காகத்தான். திண்டுக்கல் மாவட்டத்தில் 2000-ல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற நர்ஸ்கள் இப்படிப் பரிசோதித்துச் சிகிச்சையும் தந்த பகுதிகளில் கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்திருந்தது. முடிவு 2007-ல் 'லான்செட்' இதழில் வெளியானது.

எனவே சிஸ்ட்டை விட்டுவிடலாம், பரிசோதனையை விடக்கூடாது. உறவுக்குப் பின் ரத்தம், மாதவிலக்கு நின்ற பிறகு ரத்தம், நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், தண்ணீராக விடாமல் கசிவது எதுவானாலும் 'அந்தச் சிஸ்ட்தான்' என்று இருந்துவிடாதீர்கள். சிஸ்ட் போலவே ஸ்கேனில் தெரியும் புற்றுநோய் ஒன்று மிக அபூர்வமாக உண்டு. அதன் அறிகுறியே அந்தத் தண்ணீர்க் கசிவுதான். மாதவிலக்கு இல்லாத நாளாகப் பார்த்து, பழைய ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு பரிசோதனைக்குப் போங்கள்.