பின்சீட்டுக்காரர்களையும் கேளுங்கள்

டீசல் ஃபோர்வீல் பிக்கப் வைத்திருப்பவரிடம், "தூரப் பயணம் எப்படி இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். முதலில் எஞ்சினைப் பற்றித்தான் பேசுவார். கேமரன் மலை ஏற்றத்தில் மூச்சு வாங்காமல் ஏறியதைச் சொல்வார். லோரியை ஒரே மிதியில் முந்தியதைச் சொல்வார். ஹட்யாய் போய்த் திரும்பிய பிறகும் டேங்கில் எண்ணெய் மிச்சம் இருந்ததைச் சொல்வார். பத்து காஜா, பூசிங், சிப்புத்தே, கோப்பெங் என்று இந்த வட்டாரத்தில் நான் பேசிய சொந்தக்காரர்கள் எல்லாருமே ஏறக்குறைய இதே வரிசையில்தான் சொன்னார்கள். எல்லாரும் ஆண்கள். ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்து பயணம் செய்தவர்கள்.

பிக்கப்பில் ஊர் சுற்றுவது பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று ஆசிரியர் குழு கேட்டபோது என்னிடம் இருந்த அனுபவம் வேறு மாதிரியானது. எங்கள் அண்ணனின் பிக்கப்பில் பத்து காஜாவிலிருந்து தாய்லாந்தின் காஞ்சனபுரி வரை போய் வந்தேன். ஒரு வழிக்கே ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல். போகும்போதும் வரும்போதும் பின்சீட்டில், அம்மாவுக்கும் அண்ணிக்கும் நடுவில்தான் எனக்கு இடம்.

காஞ்சனபுரி ஏன் என்று பேராக் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. தோட்டத்திலிருந்து சயாமுக்குப் போய்த் திரும்பி வராத ஒருவராவது ஏறக்குறைய ஒவ்வொரு பழைய குடும்பத்திலும் உண்டு. எங்கள் வீட்டில் அம்மாவின் பெரியப்பா. ஜப்பானியர்கள் போட வைத்த 415 கிலோமீட்டர் சயாம்-பர்மா ரயில் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. அதில் போர்க்கைதிகளில் மட்டும் 12,000 பேருக்கு மேல் செத்தார்கள். ஆசியத் தொழிலாளர்களின் சாவு அதைப்போல் பல மடங்கு. ஏறக்குறைய 90,000 என்று கணிக்கிறார்கள். காஞ்சனபுரி போர் மயானத்தில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசை பிசகாமல் நிற்கின்றன. நம்மவர்களுக்கு அங்கே ஒரு கல்கூட இல்லை. 2023 மே மாதத்தில்தான், அதே ஊரில் தாவோர்ன் வராராம் புத்த ஆலய வளாகத்தில் தமிழர்களுக்கென்று ஒரு நடுகல் வைக்கப்பட்டது. அதைப் பார்க்க வேண்டும் என்று அம்மா கேட்டார். மூட்டுவலிக்காரர். வீட்டில் இருந்த வண்டியோ பிக்கப்.

முன்சீட்டுப் புகழ்ச்சியில் பொய் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த வகை டர்போ டீசல் எஞ்சின்களில் 400 முதல் 500 நியூட்டன் மீட்டர் வரை முறுக்கு விசை, அதுவும் 2,000 சுற்றுக்குப் பக்கத்திலேயே கிடைத்துவிடுகிறது. அதனால்தான் ஐந்து பேரும் மூட்டை முடிச்சும் ஏறிய பிறகும் வண்டி திணறுவதில்லை. ஹைவேயில் நிதானமாகப் போனால் நூறு கிலோமீட்டருக்கு எட்டு, ஒன்பது லிட்டரில் முடிகிறது. எல்லை தாண்டினால் இன்னொரு நிம்மதி உண்டு. ஒரு டன் பிக்கப் தயாரிப்பில் உலகின் முன்னணி நாடுகளில் ஒன்று தாய்லாந்து. ஃபில்டரோ பெல்ட்டோ போனால் சின்ன ஊர்க் கடையிலேயே கிடைத்துவிடும். அவர்களும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். மூல கிராண்ட், கடன் பாக்கி இருந்தால் வங்கியின் கடிதம், எல்லையில் வாங்கும் தாய்லாந்துக் காப்புறுதி, 2025 மே முதல் நடப்பில் உள்ள இணைய வருகை அட்டை ஆகியவற்றை ஒரு கோப்பில் போட்டு வைத்துக்கொண்டால் புக்கிட் காயு ஹீத்தாமில் சிக்கல் இருக்காது.

எண்ணெய் விலைதான் முன்சீட்டிலும் முகம் சுளிக்க வைக்கும் ஒரே சங்கதி. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்பத்தில் டீசல் லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்குத் தாவியது. 80 லிட்டர் டேங்குக்கு 172 வெள்ளி கொடுத்தவர் 268 வெள்ளி கொடுக்க வேண்டி வந்தது. தகுதி உள்ளவர்களுக்கு மாதம் 200 வெள்ளி உதவித்தொகை என்று அறிவித்தார்கள். விலை அதற்குப் பிறகு ஏறி இறங்கி வருகிறது. அந்த டீசலில் பத்தில் ஒரு பங்கு செம்பனை எண்ணெயிலிருந்து எடுத்தது. பத்து காஜாவைச் சுற்றிப் பால்மரம் நின்ற நிலத்தில் இப்போது செம்பனைதான் நிற்கிறது. அம்மா பால் வெட்டிய நிரையில் விளைந்தது எங்கள் டேங்கிலும் கொஞ்சம் இருந்திருக்கலாம். செம்பனை கலந்த டீசல் ஈரத்தை அதிகம் இழுக்கும் என்பதால், பயணத்துக்கு முன் ஃபில்டரின் அடியில் தேங்கும் தண்ணீரை வடித்துவிடச் சொன்னார் எங்கள் ஃபோர்மன்.

இனிப் பின்சீட்டு.

பிக்கப்பின் முன்பாதியும் பின்பாதியும் வேறு வேறு வண்டிகள். முன்சக்கரங்களுக்குச் சுருள் ஸ்பிரிங். பின்சக்கரங்களுக்கு, ஓரிரு மாடல்களைத் தவிர, லோரியில் இருப்பதைப் போன்ற பட்டை ஸ்பிரிங். பின்தொட்டியில் ஒரு டன் ஏற்றினாலும் தாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டு அடுக்கிய பட்டைகள் அவை. தொட்டியில் நான்கு பைகளும் ஒரு ஐஸ் பெட்டியும் மட்டும் இருந்தால் அந்தப் பட்டைகள் வளைந்தே கொடுக்காது. சாலையில் உள்ள ஒவ்வொரு மேடும் பள்ளமும் அச்சு வழியாக நேரே மேலே வரும். அந்த அச்சுக்குக் கொஞ்சம் முன்னால்தான் பின்சீட்டு. அதன் முதுகுச் சாய்வு கேபினின் பின்சுவரை ஒட்டியே நிற்கிறது. தொட்டிக்கு இடம் விட வேண்டுமே, சாய்க்க எங்கே இடம்? நிமிர்ந்து உட்கார்ந்தபடி முட்டியை மடக்கிக்கொண்டு அத்தனை தூரமும் போக வேண்டும். ஏறி இறங்குவது இன்னொரு பாடு. தரையிலிருந்து படி உயரம், படியிலிருந்து சீட்டு உயரம். அம்மா ஒவ்வொரு முறையும் கதவுத் தூணின் கைப்பிடியை இரு கையாலும் பிடித்து, வலி இல்லாத காலை முதலில் வைத்து, அண்ணி பின்னாலிருந்து தாங்க, ஏறினார்.

ஈப்போவிலிருந்து எல்லை வரை பரவாயில்லை, தார்ச்சாலை. தாய்லாந்துக்குள் நுழைந்த பிறகு, பத்தாலுங் தாண்டி, சுராட் தானி தாண்டி, நெடுஞ்சாலை பல இடங்களில் கான்கிரீட் பாளம். பாளத்துக்குப் பாளம் ஓர் இணைப்பு. ஒவ்வோர் இணைப்பிலும் பின்சக்கரம் 'டக்' என்று தட்டும். முன்னால் இருப்பவருக்கு அது சத்தம் மட்டும். எங்களுக்கு அது இடுப்பெலும்பில் விழும் குத்து, மணிக்கணக்கில். ஒரு மணி நேரம் கழித்து அண்ணி இரண்டு உள்ளங்கைகளையும் சீட்டில் ஊன்றி உடம்பைக் கொஞ்சம் தூக்கியபடி உட்கார ஆரம்பித்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டார். தூங்குகிறார் என்று அண்ணன் கண்ணாடியில் பார்த்துச் சொன்னார். அம்மா தூங்கவில்லை. கைப்பிடியைப் பற்றியிருந்த விரல்கள் வெளுத்திருந்தன.

சும்போனில் இரவு தங்கினோம். படுக்கும்போதுதான் அம்மாவின் கால் வீங்கியிருந்ததைப் பார்த்தோம். "ஏம்மா ஒரு வார்த்தை சொல்லல?" என்று அண்ணன் கேட்டார். "எஸ்டேட்டு லோரில நின்னுக்கிட்டே போன ஆளுப்பா நானு. இதுல சீட்டாவது இருக்கு" என்றார் அம்மா.

இந்தக் கட்டுரையில் வேறெதையும்விட இதுதான் எனக்கு முக்கியம். அம்மாவின் தலைமுறைக்கு வண்டியின் பின்பக்கம் பழகிப்போன இடம். பெரட்டு முடிந்து, விடியும் முன் வாளியோடு லோரியின் தொட்டியில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நிரைக்குப் போனவர்கள் அவர்கள். துரை லேண்ட்ரோவரில் போவார். குலுக்கல் சம்பளத்தோடு வந்தது. அதைக் குறையாகச் சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியதே இல்லை. தோட்டம் துண்டாடப்பட்டு, லயம் போய், தாமான் வீட்டுக்கு வந்து, மகன் சொந்தமாக வண்டி வாங்கிய பிறகும் பின்சீட்டில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் வருகிறார்கள். மகன்களோ "அம்மா ஒண்ணும் சொல்லல, வண்டி நல்லாத்தான் இருக்கு" என்று நண்பர்களிடம் சொல்கிறார்கள். வாங்குகிறவர்கள் கேட்டு நம்பும் சொந்தக்காரர் அபிப்பிராயம் இப்படித்தான் உருவாகிறது.

மறுநாள் காலை அண்ணன் செய்தது இரண்டே வேலை. ஓட்டுநர் கதவுத் தூணில் டயர் காற்று அளவு ஒட்டியிருக்கும். சுமை இல்லாதபோது ஓர் அளவு, முழுச் சுமைக்கு வேறு அளவு. புறப்படும் முன் பத்து காஜாவில் காற்றடித்தபோது, தூரப் பயணம் என்று சொல்லி முழுச் சுமைக்கான அளவில் அடித்திருந்தார்கள். அதைக் குறைத்தார். பிறகு சந்தையில் அரிசி மூட்டைகளும் தண்ணீர்ப் போத்தல் கட்டுகளும் வாங்கி, தொட்டியில் கேபின் சுவரை ஒட்டி, அச்சுக்கு முன்னால் அடுக்கி, இறுக்கிக் கட்டினார். அரிசியைப் புத்த ஆலயத்தில் கொடுத்துவிடலாம் என்றார் அண்ணி, அப்படியே கொடுத்தோம். சும்போனிலிருந்து காஞ்சனபுரி வரை வந்தது அதே வண்டிதான் என்று நம்ப முடியவில்லை. 'டக்' இருந்தது, குத்து பாதியாகிவிட்டது. இதை எந்த விற்பனையாளரும் சொல்லித்தரவில்லை, பயணம் போய்வந்த எந்தச் சொந்தக்காரரும் சொல்லவில்லை.

ஃபோர்வீல்? போய் வந்த முழுத் தூரத்திலும் அண்ணன் அந்தக் குமிழைத் திருகவே இல்லை. சயாம் ரயில் பாதையின் 'ஹெல்ஃபயர் பாஸ்' மலைவெட்டு வரை 323ஆம் எண் நெடுஞ்சாலை நல்ல சாலை. பல பிக்கப்புகளில் உள்ள ஃபோர்வீல் பகுதிநேர அமைப்பு. முன் அச்சையும் பின் அச்சையும் ஒன்றாகப் பூட்டிவிடும். காய்ந்த தார்ச்சாலையில் பூட்டினால், வளைவில் இரண்டு அச்சும் வேறு வேறு தூரம் சுற்ற முடியாமல் பல்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும். சேற்றுக்கும் மணலுக்கும் வழுக்கும் மண்பாதைக்கும் மட்டும் உரியது அது. செம்பனைத் தோட்டத்துக்குள் பழக்குலை ஏற்றப் போகிறவருக்கு அது சோறு போடும். குடும்பத்தோடு ஊர் சுற்றுகிறவருக்கு அதன் பயன் குறைவு. ஆனால் அதற்காகவே வண்டி உயரமாகிறது, பாரமாகிறது. அந்த உயரத்தில் ஏறத்தான் அம்மாவின் முட்டி படாத பாடு பட்டது.

எனக்கு இப்போது பெரிய கவலை ஒன்றுதான். பயணத்துக்கு வண்டியைத் தயார் செய்கிறேன் என்று சொல்லி, இந்த வட்டாரத்து இளைஞர்கள் இன்னும் கெட்டியான பட்டைகளைப் போட்டு, வண்டியை இரண்டு அங்குலம் தூக்குகிறார்கள். கூரை மேல் கூடாரம், இரும்பு பம்பர், கேனபி எல்லாம் ஏற்றினால் அதற்கு நியாயம் உண்டு. ஊர் திரும்பியதும் கூடாரத்தையும் சாமான்களையும் இறக்கி வைத்துவிடுகிறார்கள். கெட்டிப் பட்டை மட்டும் வருஷம் முழுக்க வண்டியில் கிடக்கிறது. காலியான பின்பக்கம் இன்னும் துள்ளும். மழை நாளில், பின்சக்கர ஓட்டத்தில், பாரமில்லாத பின்டயரில் அந்த 400, 500 நியூட்டன் மீட்டரும் ஒரேயடியாக இறங்கினால் வால் வழுக்கும். சிம்பாங் பூலாயிலிருந்து கேமரன் ஏறும் சாலையில் மழையும் பனிமூட்டமும் சேர்ந்த பின்னேரத்தில் இது நடந்தால் என்னவாகும் என்று ஓட்டுகிறவர்கள் யோசிக்க வேண்டும். தூக்கிய வண்டியில் ஏற, பாட்டிமார்களுக்குப் பிளாஸ்டிக் முக்காலி போட்டுக் கொடுப்பதை நான் கோயில் வாசலில் பார்த்திருக்கிறேன். தைப்பூசத்துக்கு வந்த பாட்டி, ஒரு கையில் பால்குடத்தோடு, முக்காலியின் மேல் நின்று தடுமாறினார். வயதானவரை ஏற்றப் போகும் வண்டியை இன்னும் உயர்த்துகிறவர் யாருக்காக உயர்த்துகிறார்?

பின்னால் இருப்பவர்களின் பாடு எல்லை தாண்டியும் பேசப்பட்ட விஷயம்தான். 2017 ஏப்ரலில் தாய்லாந்து அரசாங்கம், பிக்கப் தொட்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்ற விதியைக் கடுமையாக அமல்படுத்தப் பார்த்தது. சொங்க்ரான் விடுமுறைக்கு ஊர் போகும் ஏழைகளுக்கு வேறு வண்டி இல்லை என்று மக்கள் கொதித்ததும் தளர்த்திவிட்டது. நம் பக்கம் பெருநாள் காலத்தில் கம்பத்துச் சாலைகளில் தொட்டியில் பிள்ளைகள் உட்கார்ந்து போவதை இன்றும் பார்க்கலாம். அது என் தூக்கத்தைக் கெடுக்கும் காட்சி.

புதிய மாடல்களில் பின்சீட்டு எவ்வளவோ மாறிவிட்டது, குளிர்காற்றுத் துளைகூட இருக்கிறது என்று அண்ணனின் நண்பர்கள் வாதாடுகிறார்கள். இருக்கலாம்.

வாங்க நினைப்பவர்களிடம் கேட்டுக்கொள்வது இது: சோதனை ஓட்டத்துக்குத் தனியாகப் போகாதீர்கள். வீட்டில் மூத்தவர் யாரோ அவரைப் பின்சீட்டில் ஏற்றுங்கள், நீங்களும் அவர் பக்கத்திலேயே உட்காருங்கள், விற்பனையாளரை ஓட்டச் சொல்லுங்கள். தொட்டி காலியாக இருக்கட்டும். பத்து காஜாவிலிருந்து தஞ்சோங் துவாலாங் பக்கம், ஈயக்கப்பல் வரை போய்த் திரும்புங்கள். இறங்கும்போது அவர் காலைத் தரையில் எப்படி வைக்கிறார் என்று பாருங்கள். வாயால் கேட்டால் "நல்லாத்தான் இருக்கு" என்றுதான் சொல்வார்.

அண்ணன் வண்டியை விற்கவில்லை. புல் வெட்டும் குத்தகைக்கு அது இல்லாமல் முடியாது. கெட்டிப் பட்டை போடும் யோசனையை மட்டும் கைவிட்டுவிட்டார். அம்மா இன்னொரு தடவை காஞ்சனபுரி போக வேண்டும் என்கிறார். பெரியப்பாவுக்குத் திதி கொடுக்க நினைக்கிறார். இந்த முறை பத்து காஜா ஸ்டேஷனில் இ.டி.எஸ். ஏறி பாடாங் பெசார், அங்கிருந்து பாங்காக் போகும் இரவு ரயிலில் கீழ்ப் படுக்கை. காஞ்சனபுரிப் பாதை பிரியும் நோங் பிளாடுக் அந்தத் தடத்தில்தான் இருக்கிறது. ரயிலிலிருந்து இறங்கும் இடத்துக்கு அண்ணன் பிக்கப்பில் வந்து ஏற்றிக்கொள்வார், அம்மாவுக்கு முன்சீட்டு. டிக்கெட் வேலையை அண்ணி எடுத்துக்கொண்டார்.