டிராக்டரின் இரண்டு முள்ளும் சேர்ந்து பொய் சொன்னால்...

டாங்கியில் பாதி டீசல் இருப்பதாக முள் காட்டும். அதை நம்பிச் சேற்று உழவில் இறங்கினால் நடு வயலில் எஞ்சின் நின்றுவிடும். டீசலை ஊற்றியவுடன் அது கிளம்பிவிடாது. குழாயிலும் பம்பிலும் புகுந்த காற்றை வெளியேற்றியாக வேண்டும். அதற்குள் ஆட்களின் அரை நாள் கூலி வீண்.

இதைவிடக் கெடுதல், சூடு காட்டும் முள் எப்போதும் சிவப்பிலேயே நிற்பதாகும். ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்தும், தெர்மோஸ்டாட்டை மாற்றியும் முள் இறங்காவிட்டால், ஓட்டுபவர் அதைப் பார்ப்பதையே விட்டுவிடுகிறார். பிறகு ஒருநாள் எஞ்சின் உண்மையாகவே சூடேறும். ஹெட் கேஸ்கட் போன பிறகுதான் தெரியவரும்.

1965 முதல் 1975 வரை வெளிவந்த போர்டு 3000, 5000 போன்ற டிராக்டர்களிலும், அக்காலத்து பிரிட்டிஷ், அமெரிக்கக் கார்கள் பலவற்றிலும் இந்த இரண்டு முட்களுக்கும் பொதுவாக ஒரு சின்னத் தகரப் பெட்டி உண்டு. மீட்டர் பலகையின் பின்புறம் இருக்கும். 'வோல்டேஜ் ஸ்டெபிலைசர்' என்பது இதன் பெயர். பாட்டரி மின்சாரம் ஏறினாலும் இறங்கினாலும் முட்களுக்கு ஒரே அளவாகக் கொடுப்பதே இதன் வேலை.

பெட்டிக்குள் இருவகை உலோகம் ஒட்டிய தகடும், அதன்மேல் சுற்றிய கம்பியும் உள்ளன. மின்சாரம் பாய்ந்தால் கம்பி சூடாகித் தகடு வளைந்து தொடர்பு விட்டுப்போகும். ஆறியதும் மீண்டும் தொடும். இப்படி விட்டுவிட்டுப் பாய்வதால் சராசரி அளவு குறைகிறது. பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் இது 10 வோல்ட். அமெரிக்க போர்டு, கிரைஸ்லர் கார்களில் 5 வோல்ட். முட்களும் மெதுவாக நகரும் இனம் என்பதால் இந்தத் துடிப்பு கண்ணுக்குத் தெரிவதில்லை.

ஒரு முள் மட்டும் தவறினால் டாங்கி மிதவையையோ, சூடு உணரும் சென்டரையோ, அவற்றின் வயரையோ பார்க்க வேண்டும். இரண்டும் சேர்ந்து தவறினால் சந்தேகம் இந்தப் பெட்டியின் மீதுதான். இரண்டும் எழாவிட்டால் முதலில் பெட்டிக்கு மின்சாரம் வருகிறதா என்று பார்க்கவும். வெளிவரும் முனையில் முள் வைத்த வோல்ட்மீட்டரைத் தொட்டால் முள் ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். ஆடாமல் 12 வோல்ட்டில் நின்றால், தகடு ஒட்டிக்கொண்டது அல்லது பெட்டிக்கு எர்த் இல்லை. துருவினால் எர்த் விட்டுப்போவது பழைய வண்டிகளில் சர்வ சாதாரணம்! திருகு இருக்கும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்தாலே சில வண்டிகள் சரியாகிவிடும். காசு செலவில்லை. அப்படியே விட்டு ஓட்டினால் இரண்டு மீட்டரும் எரிந்துபோகலாம்.

பெட்டியை மாற்றுமுன் பாட்டரியின் எர்த் வயரைக் கழற்றிவிட வேண்டும். உள்வரும் வயர், வெளிச்செல்லும் வயர் இரண்டிலும் அடையாளம் கட்டிக்கொள்ளவும். மாற்றிச் செருகினால் புதியதும் வீண். பழைய பெட்டி எத்தனை வோல்ட்டோ அதே அளவில், அது இருந்த வாக்கிலேயே புதியதைப் பொருத்த வேண்டும். ஸ்டெபிலைசரை விட்டுவிட்டு நேர் வயர் கொடுக்கும் 'குறுக்கு வழி'க்கு யாரும் சம்மதிக்கக் கூடாது.

அசல் பெட்டி கிடைக்காவிட்டால், 5 வோல்ட்டுக்கு 7805, 10 வோல்ட்டுக்கு 7810 என்ற ஐ.சி.யை வைத்து ரேடியோ மெக்கானிக் ஒருவர் செய்து தருவார். பாட்டரியின் நெகட்டிவ் எர்த் ஆன வண்டிகளுக்கே இது பொருந்தும். சூடு இறங்க ஐ.சி.யின் உலோக முதுகைத் தகரத்தோடு திருகி வைக்க வேண்டும்.

மாட்டியபின் சாவியைத் திருப்பினால் முட்கள் மெதுவாக ஏறி நிற்கும். அன்றே டாங்கியில் ஒரு குச்சியை விட்டு அளந்து, டீசல் முள்ளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.