புண்ணைத் துப்புரவாக்கும் புழுக்கள்

புண்ணில் புழு என்றாலே நாம் முகம் சுளிப்போம். ஆயினும் இனிப்புநீர் நோயாளிகளின் காற்புண்ணுக்கு மருத்துவர்களே புழுவை வைத்துக் கட்டும் முறை ஒன்று இருக்கிறது. அதனால் விளையும் பயன் எவ்வளவு, அதில் ஆபத்து உண்டா என்பதை இன்று ஆராய்வோம்.

இந்தப் புண் ஏன் எளிதில் ஆறுவதில்லை? இரத்தத்தில் சர்க்கரை நெடுநாள் மிகுந்திருந்தால் பாத நரம்புகள் உணர்வை இழக்கின்றன. இரத்தக் குழாய்கள் குறுகுகின்றன. செருப்புக் கடித்தாலும் தெரிவதில்லை. சிறு காயம் பெரும்புண்ணாகிறது. செத்த சதை அதில் தங்கினால் கிருமிகள் பெருகும், புதுச்சதை வளராது. முற்றினால் காலையே எடுக்க நேரும். ஆகவே செத்த சதையை அகற்றுவது முதல் வேலை. மருத்துவர் கத்தியால் செய்யும் அவ்வேலையைப் புழுவும் செய்யும்.

முதல் உலகப் போரில், 1917ஆம் ஆண்டு, வில்லியம் பேயர் என்னும் அமெரிக்க மருத்துவர், ஏழு நாள் போர்க்களத்தில் கிடந்த இரண்டு வீரர்களைக் கண்டார். புண்களில் புழுக்கள் மொய்த்திருந்தன. ஆனால் காய்ச்சல் இல்லை. புழுக்களைக் கழுவியதும் அடியில் இளஞ்சிவப்பான புதுச்சதை தெரிந்தது. 1929இல் பால்டிமோர் நகரில், எலும்பில் சீழ் பிடித்த பிள்ளைகளுக்கு இம்முறையைக் கையாண்டார். சிலருக்கு டெட்டனஸ் என்னும் இசிவு நோய் கண்டது. அதன்பின் ஈயின் முட்டைகளைக் கிருமி நீக்கிப் பொரிக்கச் செய்யும் வழக்கம் வந்தது. 1940களில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் பரவியதும் இம்முறை மறைந்தது. அம்மருந்துகளுக்கு மசியாத கிருமிகள் பெருகவே, மீண்டும் தலையெடுத்தது. 2004இல் அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம் இதற்கு அனுமதி அளித்தது.

மலேசியாவில், கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 'லுசிலியா கப்ரினா' என்னும் பச்சை ஈயின் புழுக்களை இதற்கென வளர்த்தது. புழுக்களைப் புண்ணில் இட்டு, வலைத்துணியால் மூடி, இரண்டு மூன்று நாளில் எடுத்துவிடுவார்கள். அவை சுரக்கும் நீர் செத்த சதையைக் கரைக்கிறது. கரைந்ததை, கிருமிகளோடு சேர்த்து, அவை உறிஞ்சிக்கொள்கின்றன. புண்ணுக்குள் அவை ஈயாகிப் பெருகுவதில்லை.

பயன் எவ்வளவு? 2009இல் வெளியான மலேசிய ஆய்வொன்று, இனிப்புநீர்க் காற்புண்ணில் புழு முறையையும் வழக்கமான முறையையும் ஒப்பிட்டது. முடிவில் பெரிய வேறுபாடு இல்லை. அதே ஆண்டு பிரிட்டனில் வெளியான ஆய்வு, நரம்புக் கோளாற்றால் அன்றி, பெரும்பாலும் சிரைக் கோளாற்றால் வந்த காற்புண்களைப் பற்றியது. அங்கே புழுக்கள் புண்ணை விரைவில் துப்புரவாக்கின. ஆனால் புண் விரைவில் ஆறிவிடவில்லை. வலியும் கூடுதலாக இருந்தது. ஆக, புழு துப்புரவாளியே அன்றி நோய் தீர்ப்பதில்லை. சர்க்கரை அடங்காமல், காலுக்கு இரத்தம் ஓடாமல், புண் ஆறாது.

ஆபத்து உண்டா? வலியும் குறுகுறுப்பும் ஏற்படலாம். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போருக்கு இரத்தக் கசிவு நேரலாம். பெரிய இரத்தக் குழாய்க்கு அருகில் உள்ள புண்ணுக்கு இம்முறை ஏற்றதன்று. இவற்றை எடைபோட்டே மருத்துவர் முடிவு செய்வார்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். கிருமி நீக்கிய புழு வேறு. தானாக வந்த ஈ இட்ட புழு வேறு. உயிருள்ள சதையையே துளைத்துத் தின்னும் ஈ வகையும் நம் வட்டாரத்தில் உண்டு. ஆகவே வீட்டில் புண்ணில் புழு கண்டால், 'நல்லதுதானே' என்று விட்டுவிடாமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். இரவு படுக்குமுன் பாதங்களை நன்கு பாருங்கள். அடிப்பாதம் தெரியாவிட்டால் கண்ணாடியை வைத்துப் பாருங்கள். காயத்தை அன்றே கண்டுகொண்டால், கத்திக்கும் புழுவுக்கும் வேலையில்லாமல் காலைக் காத்துக்கொள்ளலாம்.