எது தனிச் சிற்றினம்? சிலாங்கூர்ச் சண்டைமீன்கள் தரும் விளக்கம்

கோல சிலாங்கூர்த் தோட்டங்களில் வளர்ந்தோர், வாய்க்காலில் சண்டைமீன் பிடித்துப் போத்தலில் வளர்த்த பருவத்தை மறந்திருக்கமாட்டார்கள். அந்த மீனையும் கடைகளில் விற்கப்படும் நீண்ட துடுப்புடைய சண்டைமீனையும் பலர் ஒன்றெனவே கருதுவர். அறிவியலோ அவற்றை இரு சிற்றினங்களாகப் பிரிக்கிறது. எந்த அளவுகோலால் அவ்வாறு பிரிக்கிறது என்பதைக் காண்போம்.

கடை மீன், தாய்லாந்தின் 'பெட்டா ஸ்ப்ளெண்டென்ஸ்' வழிவந்தது. நம் மேற்குக்கரை வயல்களிலும் வாய்க்கால்களிலும் வாழ்வது 'பெட்டா இம்பெல்லிஸ்'. கோலாலம்பூரில் கிடைத்த மீன்களைக் கொண்டு ஜெர்மானிய அறிஞர் லாடிகெஸ் 1975-இல் இதற்குப் பெயரிட்டார். போர்க்குணமற்றது என்பது அப்பெயரின் பொருள். செவுள்மூடியில் பசுநீல ஒளிர்வும் வால் விளிம்பில் செம்பிறையும் இதன் அடையாளங்களாகும்.

இயற்கையில் தமக்குள் கூடி இனம்பெருக்கி, பிறவற்றோடு கலவாதிருக்கும் உயிர்த்தொகுதியே சிற்றினம் என்பது எர்ன்ஸ்ட் மயர் 1942-இல் முன்வைத்த வரையறை. இவ்விரு மீன்களையும் ஒரே தொட்டியில் விட்டால் அவை கூடுகின்றன. அவற்றின் குஞ்சுகளும் மலடாவதில்லை. அதனால் இரண்டும் ஒன்றாகிவிடுமா? ஆகா. வேறு துணையற்ற கண்ணாடித் தொட்டியில் நிகழும் கூடல், இயற்கையில் நிகழ்வதற்குச் சான்றாகாது.

இந்த அளவுகோலும் எட்டாத இடம் ஒன்றுண்டு. ராஜா மூசா, சுங்கை காராங் வனங்களை உள்ளடக்கிய வட சிலாங்கூர்க் கரிச்சதுப்புக் காட்டில், தேநீர் நிற அமில நீரில், விரல் நீளமும் இல்லாத செந்நிற மீனொன்று வாழ்கிறது. பீட்டர் இங், மொரிஸ் கொட்டெலாட் ஆகியோர் 1992-இல் அதற்குப் 'பெட்டா லிவிடா' எனப் பெயரிட்டனர். அதன் நெருங்கிய உறவான 'பெட்டா டஸ்ஸியே' கிழக்குக்கரைச் சதுப்புகளில் வாழ்கிறது. இடையே மலைத்தொடர் நிற்கிறது. இயற்கையில் சந்திக்கவே இயலாத இரண்டும் கூடுமா என்று எங்ஙனம் அறிவது? அதனால் தலைமுறைதோறும் மாறாது வரும் நிறக்குறிகள், துடுப்புக் கதிர்கள், மரபணு ஆகியவற்றை ஒருங்கே ஆராய்ந்தே முடிவு கூறுகின்றனர். புதிய சான்று கிடைப்பின் அம்முடிவும் திருத்தத்திற்குரியதே.

இது வெறும் பெயர்ச்சிக்கல் அன்று. லிவிடாவை டஸ்ஸியேயின் கிளையெனக் கொண்டால், நம் காடு வடிந்து எரிந்தாலும் கிழக்கே அம்மீன் உண்டென ஆறுதல் கொள்ளலாம். தனிச் சிற்றினமெனில் அந்த ஆறுதலுக்கு இடமில்லை. காட்டோடு அதுவும் மறையும். இம்பெல்லிஸுக்கு வரும் கேடோ வேறு வகையானது. வளர்த்துச் சலித்த கடை மீனை வாய்க்காலில் விட்டால், இரு மரபும் கலந்து, இயற்கை காத்துவந்த வேறுபாடு அழியக்கூடும். தொட்டி மீன் தொட்டியிலேயே இருக்கட்டும். வாய்க்கால் அதற்குரிய மீனுக்கே உரியதாகட்டும்.