பழைய ஜீப்பும் மலைப்பாதையும்

குட்டிக்கானத்திலிருந்து ஏலப்பாறை வழியாகக் கட்டப்பனை செல்லும் சாலையில், தேயிலைத் தோட்டங்களுக்கிடையே பழைய ஜீப்புகள் இன்றும் ஓடுகின்றன. பாலைவன வெயிலில் பழைய வண்டி படும் பாட்டுக்கு இந்த ஏற்றத்தில் அது படும் பாடு குறைந்ததன்று. தாழ்ந்த கியரில் மெல்ல ஏறுகையில் எஞ்சின் கடுமையாக உழைக்கிறது. ரேடியேட்டரின் ஊடே செல்லும் காற்றோ குறைவு. நீர் கொதித்துவிட்டால் மூடியைத் திறக்கலாகாது. நீராவி முகத்தில் சீறும். எஞ்சினை நிறுத்தி, நன்கு ஆறும்வரை காத்திருக்க வேண்டும்.

இறக்கமே பெரிய ஆபத்து. பிரேக் திரவம் நாளடைவில் காற்றின் ஈரத்தை உறிஞ்சுகிறது. டாட் 3 வகைத் திரவம் புதிதாயிருக்கையில் 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிப்பதில்லை. ஈரம் ஏறியபின் அவ்வரம்பு 140 அளவுக்குத் தாழ்ந்துவிடும். கொதித்த திரவத்தில் குமிழிகள் தோன்றினால், பிரேக்கை முழுவதும் மிதித்தாலும் வண்டி நிற்காது. ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என அனுபவமுள்ள ஓட்டுநர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

வழியில் எஞ்சின் பழுதானால் காப்பீடு கைகொடுக்கும் என எண்ணுவோர் உண்டு. வழக்கமான முழுக் காப்பீட்டில்கூட இயந்திரக் கோளாறும் தேய்மானமும் அடங்கா. விபத்துச் சேதத்துக்கு ஈடு உண்டு. ஆயினும் 10 ஆண்டைக் கடந்த வண்டியின் உலோகப் பாகங்களுக்குப் பாதி விலை கழிக்கப்படும். ரப்பர் பாகங்களுக்கோ, வண்டி புதிதானாலும் பாதிதான். சொந்த வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். அதன்பின் வண்டியைச் சோதனைக்குக் காட்டி, 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பதிவு காலாவதியான வண்டியின் இழப்பீட்டுக் கோரிக்கை மறுக்கப்படலாம். பயணத்துக்கு முன் பதிவுச் சான்றிதழின் தேதியை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.